இன்றைய வீட்டு அலங்கார டிரெண்டுகள்: எதை எடுப்பது, எதை விடுவது, எந்த வரிசையில் செய்வது

சில வருடங்களுக்கு முன் வீட்டு அலங்காரப் படம் எதைத் திறந்தாலும் சாம்பல்தான். சுவர் சாம்பல், சோபா சாம்பல், தரை டைல்ஸும் சாம்பல். நிறங்களுக்கு எண் கொடுத்துப் பட்டியலிடும் பான்டோன் நிறுவனம் 2021-ஆம் ஆண்டின் நிறமாக ஒரு சாம்பலையும் அதற்குத் துணையாக ஒரு மஞ்சளையும் அறிவித்தது. அதே நிறுவனம் 2025-க்குத் தேர்ந்தெடுத்தது 'மோக்கா மூஸ்' என்ற பழுப்பு. இடையில் நான்கே வருடம். சாம்பலைக் குஷன் உறையில் வாங்கியவர்கள் உறையை மாற்றிவிட்டார்கள். தரையில் பதித்தவர்கள் இன்னும் அதன் மேல்தான் நடக்கிறார்கள்.

டிரெண்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. புதிதாக ஒன்றைப் பார்த்தால் ஆசை வருவது இயல்புதான். சுலபமாகக் கழற்றக்கூடிய இடத்தில் அதைத் தாராளமாக உள்ளே விடலாம். கழற்ற முடியாத இடங்களில் மட்டும் ஃபேஷனை ஓரமாக வைத்துவிட்டு, அந்த அறையின் வெளிச்சம், அளவு, புழக்கம் மூன்றையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாமே இந்தக் கணக்கில் போட்டவை.

படி 1: பிடித்ததை மூன்றாகப் பிரியுங்கள்

நீங்கள் சேமித்து வைத்திருக்கும் படங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இப்போது சுற்றிக்கொண்டிருப்பவை பெரும்பாலும் இவைதான்: களிமண், ஆலிவ், பழுப்பு போன்ற கதகதப்பான நிறங்கள், சுவர், கதவு, சீலிங் எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் அடிக்கும் 'கலர் டிரென்ச்சிங்', திட்டுத்திட்டாக அடர்த்தி மாறும் சுண்ணாம்புப் பூச்சு, வளைந்த சோபாக்கள், சுருள் நூலில் நெய்த பூக்லே துணி, நெடுக்காகப் பள்ளம் வெட்டிய ஃப்ளூட்டட் பலகைகள், பெரிய நரம்புகள் ஓடும் கல், ஜப்பானிய அடக்கமும் ஸ்காண்டிநேவிய மரவேலையும் கலந்த ஜப்பாண்டி, அதற்கு நேர் எதிராக நிறத்தையும் டிசைனையும் கொட்டிக் குவிக்கும் மேக்ஸிமலிசம், செடியும் இயற்கை வெளிச்சமுமாக இருக்கும் பயோஃபிலிக் பாணி.

இவற்றில் உங்களுக்குப் பிடித்ததை மூன்று பட்டியலாக எழுதுங்கள். முதல் பட்டியலில், மாற்ற வேண்டுமென்றால் உடைக்க வேண்டியவை: தரை, டைல்ஸ், குழாய், வயரிங், சுவரோடு சேர்ந்த அலமாரி, சமையல் மேடைக் கல். இரண்டாவதில், இரண்டு மூன்று நாள் வேலையில் மாற்றக்கூடியவை: பெயின்ட், விளக்கு, திரை, கைப்பிடிகள். மூன்றாவதில், ஒரு மணி நேரத்தில் மாறுபவை: குஷன், மேஜை விளக்கு, படங்கள், செடி, போர்வை.

முதல் பட்டியலில் இருக்கும் எதையும், அது டிரெண்ட் ஆவதற்கு முன்பே உங்களுக்குப் பிடித்திருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளூட்டட் பலகை உண்மையிலேயே பிடிக்குமா? சரி, ஒரு கட்டில் தலைமாட்டிலோ சின்ன அலமாரிக் கதவிலோ வைத்துப் பாருங்கள். முழுச் சுவருக்கும் அடித்த பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் தூசி துடைப்பது யார் என்றும் யோசித்துக்கொள்ளுங்கள். படத்தில் தூசி தெரியாது.

படி 2: அறையை அளந்து, தரையில் டேப் ஒட்டுங்கள்

அளவு டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம், ஜன்னல், கதவு திறக்கும் திசை, பிளக் பாயின்ட் இருக்கும் இடம் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் குறியுங்கள். வாங்க நினைக்கும் சோபாவின் அளவை மாஸ்கிங் டேப்பால் தரையில் அப்படியே ஒட்டுங்கள். இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பார்த்தாலே, கடையில் அளவாகத் தெரிந்த சோபா உங்கள் அறையில் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று தெரிந்துவிடும்.

சில அளவுகள் கைவசம் இருக்கட்டும். ஆள் நடமாடும் வழிக்கு 75 முதல் 90 செ.மீ. வேண்டும். சோபாவுக்கும் டீபாய்க்கும் நடுவில் 40 முதல் 45 செ.மீ. போதும், அதற்குக் கூடினால் கை எட்டாது, குறைந்தால் முட்டி இடிக்கும். சாப்பாட்டு மேஜையில் ஓர் ஆளுக்கு 60 செ.மீ. அகலம். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்க 90 செ.மீ. இருந்தால் தாராளம். 55 அங்குல டிவியை ஏறத்தாழ 1.7 மீட்டர் முதல் 2.2 மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். திரையின் நடுப்பகுதி, உட்கார்ந்த நிலையில் கண் இருக்கும் உயரத்துக்கு வர வேண்டும். டிவியை ஏன் அவ்வளவு உயரத்தில் மாட்டுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை; கழுத்துவலிதான் மிச்சம்.

அளந்து வடிவமைப்பதற்குச் சிறந்த உதாரணம் ஒரு பழைய சமையலறை. 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் பிராங்பர்ட் நகரின் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வரைந்தார். அளவு ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், அவ்வளவுதான். எந்த வேலைக்கு எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது, எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்த்து ஒவ்வொரு பொருளுக்கும் இடம் ஒதுக்கினார். இன்றைய மாடுலர் கிச்சனுக்கு அதுவே முன்னோடி. உங்கள் அறைக்கும் அதே கேள்விதான்: இங்கே தினமும் என்ன வேலை நடக்கிறது, எங்கிருந்து எங்கே நடக்கிறோம்?

சமீப காலத்தில், எல்லாவற்றையும் ஒரே கூடமாகத் திறந்துவிடும் பழக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. 2020-க்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்யும் பலருக்கும் ஒரு கதவு தேவைப்பட்டது. சுவர் கட்டாமலே அலமாரி, மரச்சட்டத் தடுப்பு, கண்ணாடித் தடுப்பு வைத்து இடத்தைப் பிரிப்பது இன்றைய டிரெண்டுகளில் உருப்படியான ஒன்று. தேவையிலிருந்து பிறந்தது என்பதால் சீக்கிரம் போகாது.

படி 3: நிறத்துக்கு முன் வெளிச்சம்

பெரும்பாலானோர் பெயின்ட் கார்டில்தான் ஆரம்பிக்கிறார்கள். எந்த நிறம் எப்படித் தெரியும் என்பதை முடிவு செய்வது வெளிச்சம். ஆகவே விளக்குதான் முதல் வேலை. அதுவும் வயரிங் சுவருக்குள் போகிற விஷயம், பெயின்ட் காய்ந்த பிறகு சுவரைக் குடைய முடியாது.

பல்பு டப்பாவில் மூன்று எண்களைப் பாருங்கள். வாட்ஸ் மட்டும் பார்த்து வாங்கும் காலம் போய்விட்டது.

முதலாவது கெல்வின், வெளிச்சம் மஞ்சளா வெள்ளையா என்று சொல்லும் எண். 2700 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம். 3000 கொஞ்சம் வெளிறிய மஞ்சள். 4000 நடுநிலை. 6500 நீலம் கலந்த வெள்ளை. உட்காரும் அறைக்கும் படுக்கையறைக்கும் 2700 அல்லது 3000, சமையல் மேடைக்கும் எழுதும் மேஜைக்கும் 3500 முதல் 4000 வரை. கதகதப்பான பழுப்பும் ஆலிவும் அடித்துவிட்டு மேலே 6500 கெல்வின் பல்பைப் போட்டால், அவ்வளவு பெயின்டும் சேறு பூசியது மாதிரி தெரியும். ஒரே அறைக்குள் இரண்டு மூன்று கெல்வின் கலந்து எரிவதும் கண்ணை உறுத்தும்.

இரண்டாவது சி.ஆர்.ஐ. பொருளின் உண்மையான நிறத்தை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதன் அளவு இது. உச்சம் 100. சாதாரண எல்இடி 80-ஐ ஒட்டியே நிற்கும். 90-க்கு மேல் கிடைத்தால் வாங்குங்கள். மரம், துணி, முகம் மூன்றும் பளிச்சென்று தெரியும். முக்கியமாகச் சிவப்பு வெளுத்துப்போகாது.

மூன்றாவது லூமன், பல்பு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. 60 வாட்ஸ் குண்டு பல்பு தந்த வெளிச்சம் ஏறத்தாழ 800 லூமன். ஓர் அறைக்கு எத்தனை லூமன் தேவை என்று கண்டுபிடிக்க எளிய கணக்கு உண்டு: ஒரு சதுர மீட்டரில் விழும் ஒரு லூமன்தான் ஒரு லக்ஸ். உட்காரும் அறைக்கு 150 லக்ஸ் வேண்டும், அறை 12 சதுர மீட்டர் என்றால் 1,800 லூமன். சுவரும் விளக்குக் கூடும் கொஞ்சம் விழுங்கிவிடும் என்பதால் 2,400 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடர் நிறம் அடிக்கப் போகிறீர்கள் என்றால் இன்னும் கூட்டுங்கள். படிக்கும் இடத்துக்கும் காய் நறுக்கும் இடத்துக்கும் 300 முதல் 500 லக்ஸ் தேவை.

இந்த மொத்த வெளிச்சத்தையும் நடுவில் ஒரே விளக்கிலிருந்து எடுக்காதீர்கள். சீலிங்கில் ஒன்று, வேலை செய்யும் இடத்தில் ஒன்று, மூலையில் தரை விளக்கோ மேஜை விளக்கோ ஒன்று என்று பிரித்து, தனித்தனி ஸ்விட்ச் கொடுங்கள். படங்களில் பார்த்து மயங்கும் அந்த 'ஹோட்டல் அறை' உணர்வு பாதிக்கு மேல் இதனால்தான் வருகிறது. சாப்பாட்டு மேஜைக்கு மேல் தொங்கும் விளக்கு, மேஜைப் பரப்பிலிருந்து 75 முதல் 90 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் போடுவதானால் பல்பு டிம்மருக்கு ஏற்றதா என்று டப்பாவில் பாருங்கள். பழைய டிம்மரில் சாதாரண எல்இடியை மாட்டினால் மினுக்கும், இல்லாவிட்டால் ரீங்கரிக்கும்.

பகல் வெளிச்சத்தைக் கூட்ட அதிகச் செலவில்லாத ஒரு வழி, முகம் பார்க்கும் கண்ணாடி. ஜன்னலுக்கு நேர் எதிரில் வைப்பதைவிட, ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் வைத்தால் கண் கூசாமல் வெளிச்சம் உள்ளே பரவும்.

படி 4: நிறம்

பெயின்ட் கார்டின் பின்புறத்தில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் இருக்கும். எல்லா நிறுவனமும் அச்சிடுவதில்லை, கேட்டால் சொல்வார்கள். நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதுதான் அது: 0 என்றால் முழுக் கறுப்பு, 100 என்றால் முழு வெள்ளை. ஜன்னல் குறைவான அறைக்கு 60-க்கு மேல் பார்ப்பது வழக்கம். ஆனால் எப்படியும் இருட்டாகத்தான் இருக்கும் சின்ன அறையை வெள்ளையடித்து வெளிச்சமாக்க முயன்றால் அது அழுக்கு வெள்ளையாகத்தான் தெரியும். அந்த மாதிரி அறைக்குத் துணிந்து அடர் நிறம் அடிப்பதே நல்லது என்பது என் கட்சி.

கார்டில் உள்ள தீப்பெட்டி அளவுச் சதுரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுவரில் நேரடியாகப் பூசிப் பார்த்தாலும் பழைய நிறம் பக்கத்தில் நின்று கண்ணை ஏமாற்றும். ஏ3 அளவு வெள்ளை அட்டையில் ஓரம் விட்டு இரண்டு கோட் அடித்து, அதை அறையின் ஒவ்வொரு சுவரிலும் காலை, மதியம், மாலை, பிறகு இரவில் உங்கள் பல்பின் கீழே வைத்துப் பாருங்கள். சோபாத் துணியின் துண்டு ஒன்றையும் பக்கத்தில் பிடியுங்கள். கடை வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நிறங்கள் வீட்டுக்கு வந்ததும் பிரிந்து நிற்பது உண்டு.

ஒரே நிறத்தில் மூழ்கடிக்கும் கலர் டிரென்ச்சிங் செய்ய ஆசையென்றால், சிறிய அறையில் ஆரம்பியுங்கள். சுவரையும் சீலிங்கையும் பிரிக்கும் வெள்ளைக் கோடு இல்லாததால் அறையின் எல்லை மங்கி, உயரம் கூடியது போல் தோன்றும். நிறம் ஒன்றாக இருந்தாலும் மினுமினுப்பை மாற்றுங்கள்: சுவருக்கும் சீலிங்குக்கும் மினுக்கில்லாத மேட்; கதவு, நிலை, விளிம்புச் சட்டங்களுக்கு லேசாக மினுங்கும் சாட்டின். கை படும் இடம் துடைக்கவும் சுலபம். மங்கிய, கொஞ்சம் சாம்பல் கலந்த நிறங்களே இதற்குச் சரிப்படும். பளீர் நிறத்தில் நாலு சுவரும் சீலிங்கும் என்றால் ஒரு வாரத்தில் தலைவலி வந்துவிடும்.

சுண்ணாம்புப் பூச்சுக்குத் தனியாகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது சாதாரண பெயின்ட் போலச் சுவர் மேல் படலமாக ஒட்டுவதில்லை. கால்சியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி கால்சியம் கார்பனேட்டாக, அதாவது கல்லாகவே இறுகுகிறது. ஈரத்தை அடைத்து வைக்காது. ஆனால் சிமென்ட், சுண்ணச்சாந்து, செங்கல் போன்ற பரப்பில்தான் பிடிக்கும். ஏற்கெனவே அக்ரிலிக் பெயின்ட் அடித்த சுவர் என்றால் அதற்கென்று விற்கும் மினரல் பிரைமர் கட்டாயம். ரோலர் வேண்டாம், அகலமான பிரஷ்ஷால் குறுக்கும் நெடுக்குமாக அடிக்க வேண்டும். தண்ணீராக இருக்கும்போது அடர்த்தியாகத் தெரியும் நிறம் காய்ந்ததும் நன்றாக வெளிறிவிடும். பாதியில் பயந்து இன்னொரு கோட் ஏற்றாதீர்கள். கடும் காரத்தன்மை உள்ளது, கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் தடம் விழும் என்பதால் சின்னப் பிள்ளைகள் கை வைக்கும் நடைவழிக்கு இது ஆகாது.

நிறங்களைப் பங்கிட 60-30-10 என்ற பழைய கணக்கு இன்றும் உதவும்: அறுபது பங்கு சுவரும் பெரிய பரப்பும், முப்பது பங்கு சோபாவும் திரையும், பத்துப் பங்கு குஷன், படம், சின்னச் சாமான்கள். டிரெண்ட் நிறத்தை அந்தப் பத்தில் விடுங்கள். தைரியமிருந்தால் முப்பதில்.

படி 5: கையில் படும் பொருட்கள்

மரம், கல், லினன், கம்பளி, பிரம்பு என்று தொட்டால் உணரக்கூடிய பொருட்களுக்கு இப்போது மவுசு. ஜப்பாண்டியின் பலமே இதில்தான் இருக்கிறது: நிறம் குறைவு, ஆனால் சொரசொரப்பும் வழவழப்பும் பக்கம் பக்கமாக இருக்கும். வெறுமனே பழுப்பு நிற லேமினேட்டும் ஒரு மூங்கில் விளக்கும் வாங்கி வைத்தால் அது வராது.

கல்லைப் பற்றி இரண்டு விஷயம். மார்பிளும் டிராவர்ட்டைனும் கால்சியம் கார்பனேட் கற்கள். எலுமிச்சையோ வினிகரோ சிந்தினால் பாலிஷ் அரித்து மங்கல் தடம் விழும். கறை வேறு, அரிப்பு வேறு. அரிப்பைத் துடைத்து எடுக்க முடியாது. சமையல் மேடைக்கு ஆசைப்படுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும். அடுத்தது, குவார்ட்ஸ் தூளைப் பிசினில் இறுக்கிச் செய்யும் செயற்கைக் கல். அதை வெட்டும்போது கிளம்பும் சிலிக்கா தூசி தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுக்கிறது என்பதற்காக ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்தது. வேறெங்கும் வாங்குவதானால், வீட்டுக்குள் உலர்வெட்டு வேண்டாம், பட்டறையில் தண்ணீர் விட்டு வெட்டித் தரச் சொல்லுங்கள்.

பிளைவுட், மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை வாங்கும்போது ஃபார்மால்டிஹைட் அளவைக் கேளுங்கள். பசையிலிருந்து கசியும் இந்த வாயுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது. ஈ1 அல்லது அதைவிடக் குறைந்த ஈ0 என்று முத்திரை உள்ள பலகையே எடுங்கள். புது அலமாரி வந்த பிறகு சில வாரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

படி 6: சோபா, நாற்காலி

வளைந்த சோபா புதுமை என்று விற்கிறார்கள். கட்டடக் கலைஞர் எரோ சாரினன் வடிவமைத்த, ஆளை உள்வாங்கிக்கொள்ளும் வளைவான 'வூம்' நாற்காலி வெளிவந்தது 1948-இல். ஆக, வளைவு போகும், திரும்பி வரும். வளைந்த சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட முடியாது. பின்னால் இடம் வீணாகும். அறை நடுவில் மிதக்கவிடப் போதுமான இடம் இருந்தால் மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் நேரான சோபா, பக்கத்தில் ஒரு வட்ட டீபாய். அதே மென்மை பாதிச் செலவில் வந்துவிடும்.

பூக்லே துணி பார்க்க அழகு. பூனை இருக்கும் வீட்டில் மறந்துவிடுங்கள். ஒவ்வொரு சுருளும் நகத்துக்குக் கொக்கி. சோபாவில் துணியைவிட உறையைக் கழற்றித் துவைக்க முடியுமா என்பதும், உள்சட்டம் எந்த மரம் என்பதும் முக்கியம். இருக்கை உயரம் 43 முதல் 45 செ.மீ. இருந்தால் வயதானவர்களும் சிரமமில்லாமல் எழுவார்கள். தரையோடு தரையாக இருக்கும் ஜப்பாண்டி சோபாவில் அது நடக்காது.

படி 7: திரை, கம்பளம், ஓசை

திரைக் கம்பியை ஜன்னல் சட்டத்துக்கு மேல் 10 முதல் 15 செ.மீ., இரு பக்கமும் 15 முதல் 25 செ.மீ. தள்ளி மாட்டுங்கள். ஜன்னல் பெரிதாகத் தெரியும், திறந்தால் கண்ணாடி முழுக்க வெளிச்சம் விடும். துணியின் அகலம் கம்பி நீளத்தைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு வேண்டும். இதில் மிச்சம் பிடித்தால் விலையுயர்ந்த துணியும் படுதா போலத் தொங்கும்.

கம்பளத்தில் நடக்கும் பொதுவான தவறு, சின்னதாக வாங்குவது. சோபா, நாற்காலிகளின் முன்கால்களாவது அதன் மேல் நிற்க வேண்டும். கல் தரை, வெறுஞ்சுவர், கண்ணாடி என்று இன்றைய அறைகள் எதிரொலிக்கின்றன. ஒரு தடித்த கம்பளமும் கனத் திரையும் புத்தக அலமாரியும் சேர்ந்தால் பேச்சே தெளிவாகக் கேட்கும்.

படி 8: செடிகள்

1984-இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த பயோஃபிலிக் பேச்சின் அடித்தளம். பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. ஆக, படுக்கையையோ மேஜையையோ பச்சை தெரியும் ஜன்னல் பக்கம் திருப்பிப் போடுவதுதான் முதல் வேலை.

தொட்டிச்செடி காற்றைச் சுத்தப்படுத்தும் என்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். நாசா 1989-இல் சோதித்தது மூடிய சிறு பெட்டிக்குள். சாதாரண வீட்டில் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வரை தேவை என்று 2019-இல் வந்த மறுஆய்வு கணக்கிட்டது. அழகுக்கு வையுங்கள், போதும். மணி பிளான்ட்டும் பீஸ் லில்லியும் பூனை, நாய் மென்றால் வாய் எரியும். ஸ்பைடர் பிளான்ட் ஆபத்தில்லாதது.

படி 9: வேலை வரிசை

முதலில் உடைப்பு, குழாய், வயரிங். அப்புறம் தரை, அட்டை போட்டு மூடிவிடுங்கள். பிறகு சுவரோடு சேரும் அலமாரிகள், புட்டி, பிரைமர், பெயின்ட். கடைசிக் கோட் பெயின்டை மட்டும் விளக்கு மாட்டி எரியவிட்டுப் பார்த்த பிறகு அடிக்கச் சொல்லுங்கள். ரோலர் தடமும் புட்டி மேடும் அப்போதுதான் தெரியும். அதன் பின் திரை, சோபா, கம்பளம்.

குஷன், படம், அலங்காரச் சாமான் எதையும் முதல் மாதம் வாங்காதீர்கள். அறையில் கொஞ்ச நாள் இருந்து பார்த்தால் எந்த மூலை வெறிச்சென்று இருக்கிறது, எங்கே விளக்கு போதவில்லை என்று தானாகத் தெரியும். படம் மாட்டும்போது அதன் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வரட்டும். சோபாவுக்கு மேல் என்றால் சாயும் பகுதியிலிருந்து 15 முதல் 20 செ.மீ. மேலே, அகலம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்கு. பல படங்களைச் சேர்த்து மாட்டுவதாக இருந்தால், அந்தந்த அளவுக்குச் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் டேப்பால் ஒட்டி, இடம் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் ஆணி அடியுங்கள்.